அம்மா இல்லாமப் போற முதல் கிளினிக்

எங்கட பக்கம் ஒரு பிள்ளைக்கு நீண்டகால வருத்தம் ஏதும் இருந்தா, அது சீனி வருத்தமோ வலிப்போ முட்டோ இதயப் பிரச்சினையோ எதுவெண்டாலும், ஒரு வயசு வரைக்கும் தான் பிள்ளையளின்ர கிளினிக்கில வச்சுப் பாப்பினம். சில இடத்தில 12, கனக்க இடத்தில 14. டொக்டர் நல்ல மனுசன் எண்டா இன்னும் கொஞ்ச நாள் இழுத்து வச்சிருப்பார். பேந்து ஒரு நாள் கிளினிக் கொப்பியில ஒரு வரி எழுதி, இனி பெரியாக்களின்ர மெடிக்கல் கிளினிக்குக்குப் போங்கோ எண்டு அனுப்பிப் போடுவினம். நான் பாத்த அளவில எங்கட பிள்ளையள் காணாமப் போறது அந்த ஒரு வரிக்குப் பிறகு தான், அதால தான் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவா எழுதுவம் எண்டு இருந்தன்.

நான் பரந்தன் முல்லைத்தீவு றோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிறன். டொக்டரும் இல்ல மிஸியும் இல்ல. ஆனா என்ர தம்பிக்கு எட்டு வயசில டைப் 1 சீனி வருத்தம் வந்தது, அது 2011, சண்டை முடிஞ்சு நாங்கள் முகாமால வந்து தகரக் கொட்டிலில இருந்த நேரம். பொடியன் குடம் குடமாத் தண்ணி குடிக்கிறான், ராவில எழும்பி எழும்பி ஒண்டுக்குப் போறான், ஆள் மெலிஞ்சு எலும்பாப் போனான், சனம் பூச்சி மருந்து குடுங்கோ எண்டுது. கடைசியா மூச்சு இழுக்கத் தொடங்கினாப் பிறகு தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினது. அண்டையில இருந்து அவனுக்கு இன்சுலின் தான். எங்களுக்கோ அப்ப கரண்ட் இல்ல. குப்பியைப் பிளாஸ்ரிக் பையில சுத்தி, ஈர மணல் போட்ட மண்பானைக்குள்ள வச்சு, அம்மா விடிய ஒருக்கா பின்னேரம் ஒருக்கா தண்ணி தெளிப்பா. இதெல்லாம் ஏழைச் சனத்தின்ர சமாளிப்பு எண்டு தான் நான் நெடுக நினைச்சது. 2021 இல எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் சேந்து ஒரு ஆய்வு வெளியிட்டவை, கென்யாவில டாகாலே அகதி முகாமில வீடுகளுக்குள்ள இருக்கிற சூட்டை அளந்து, அதே மாதிரி 25 பாகையில இருந்து 37 பாகை வரைக்கும் ஏறி இறங்க விட்டு 4 கிழமை வச்சுப் பாத்தும் இன்சுலின்ர வீரியம் குறையேல்ல எண்டு. அம்மாட்டச் சொன்னன். எனக்கு இது அப்பவே தெரியும் தானே எண்டா.

அம்மாவைப் பற்றிச் சொல்லாம இந்தக் கதை விளங்காது. தம்பியின்ர வருத்தம் அம்மாட்ட தான் இருந்தது எண்டு சொன்னாலும் பிழையில்ல. எத்தினை யுனிட், எப்ப அடிக்கிறது, எந்தப் பக்கத் துடையில நேற்று அடிச்சது, போன முறை மூண்டு மாசச் சீனி (மூண்டு மாசத்துச் சராசரியைக் காட்டுற இரத்தப் பரிசோதனை) எவ்வளவு, எல்லாம் அம்மான்ர தலைக்குள்ள. கிளினிக்கில டொக்டர் கேள்வி கேட்டா அம்மாவைத் தான் பாத்துக் கேப்பார். பிள்ளை சாப்பிடுறாரோ, பிள்ளைக்கு ராவில வேர்க்குதோ. தம்பி பக்கத்தில கதிரையில இருந்து காலை ஆட்டிக்கொண்டு இருப்பான், சுவரில ஒட்டியிருக்கிற கரடிப் படத்தைப் பாத்துக்கொண்டு. மிஸி அவனுக்கு ரொபி குடுக்க ஏலாதெண்டு ஸ்டிக்கர் குடுப்பா. அருமையான கிளினிக், குறை சொல்ல ஒண்டும் இல்ல. ஒரு கிளினிக் நாளைக்கு வராட்டி அடுத்த நாள் போன் எடுத்துக் கேப்பினம்.

பதினாலு முடிஞ்சு பெரியாக்களின்ர கிளினிக்குக்குப் போன நாள், டொக்டர் முதல் கேட்டது அவனைத் தான். "தம்பி, என்ன இன்சுலின் போடுறீர், எத்தினை யுனிட்?" அவன் திரும்பி அம்மாவைத் தேடுறான். அம்மாவை வெளிய வாங்கில இருக்கச் சொல்லியாச்சு, உள்ளுக்கு இடம் இல்ல. பின்னால வரிசையில அறுவது எழுவது வயசு ஐயாமாரும் அம்மாமாரும், பிறசர், கொலஸ்ரோல், கால் புண். ஒரு ஆச்சி கேட்டாவாம், ஏன் ராசா இந்த வயசில, கனக்க இனிப்புத் திண்டனியோ எண்டு.

அந்த டொக்டரில பிழை இல்ல, அதையும் சொல்ல வேணும். ஒரு காலமையில அவர் பாக்கிற ஆக்களின்ர எண்ணிக்கையைப் பாத்தா ஒரு ஆளுக்கு ரெண்டு மூண்டு நிமிசம் தான் கிடைக்கும். அந்தச் சனத்தில கனக்கப் பேருக்கு டைப் 2 சீனி, வயசு போய் வந்தது, ரெண்டு நேரக் குளிசை தவறினா உடன ஒண்டும் ஆகாது. டைப் 1 பிள்ளைக்கு உடம்பில இன்சுலின் சுரக்கிறதே இல்ல, ஒண்டு ரெண்டு நாள் விட்டாலே இரத்தத்தில கீட்டோன் எண்ட அமிலம் ஏறி ஐசியு வரைக்கும் போகும். ரெண்டும் ஒரே வரிசையில, ஒரே பேரில, ஒரே மாதிரிக் கொப்பியோட நிக்குது. எங்கட நாட்டில பெரியாக்களுக்கான தொற்றாநோய்ச் சேவை முழுக்க நடுத்தர வயசை நினைச்சுக் கட்டினது. சுகவாழ்வு நிலையங்களில கூட 35 வயசுக்கு மேற்பட்டாக்களைத் தான் முக்கியமாக் கூப்பிட்டுப் பரிசோதிக்கிறவை. சின்னாக்களுக்கு குடும்பநல மிஸிமார், தடுப்பூசி, போசாக்கு எண்டு எல்லாம் ஒழுங்காப் போகுது, உலகமே மெச்சுற அளவுக்கு. ரெண்டுக்கும் நடுவில இருக்கிற பத்துப் பன்ரெண்டு வருசம் ஆற்றையும் பொறுப்பில இல்ல. யோவுன் பியச எண்டு இளம் ஆக்களுக்கான நிலையங்கள் அரசாங்கம் தொடங்கி வச்சிருக்கு தான், நல்ல யோசனை, ஆனா நான் கேட்டுப் பாத்த பிள்ளையளில ஒராள் கூட அந்தப் பேரைக் கேள்விப்படேல்ல.

தம்பி மெல்ல மெல்ல கிளினிக் போறதை விட்டான். பள்ளிக்கூடம் முறிக்க ஏலாது, ஓ.எல் சோதினை வருது, ரியூசன், பிறகு போறன் எண்டு. ஊசி போடுறானோ எண்டு அம்மா கேட்டா ஓம் ஓம் எண்டுவான். 2019 இல ஒரு நாள் வகுப்பில சத்தி எடுத்து, மூச்சு ஆழமா இழுத்து, வாயில பழ மணம் மணக்க, கூட்டாளிப் பொடியள் மோட்டச்சைக்கிளில நடுவில இருத்திக் கொண்டு ஓடினவங்கள். தப்பிட்டான். அவன் ஒண்டும் மோட்டுப் பொடியன் இல்ல, வகுப்பில கெட்டிக்காரன் தான். பேந்து அவன் சொன்ன காரணம் எனக்கு இண்டைக்கும் ஞாபகம்: அங்க போனா எனக்கு ஒண்டும் தெரியாத மாதிரிக் கிடக்கு, அதான் போகேல்ல.

உண்மையில அவனுக்கு ஒண்டும் தெரியாது தான். ஆரும் சொல்லிக் குடுக்கேல்ல. ஆறு வருசம் தன்ர உடம்பில குத்தின ஊசிக்குப் பேர் என்ன, அது தெளிவா இருக்க வேணுமோ பால் மாதிரி இருக்க வேணுமோ, காய்ச்சல் வந்தா ஊசியை நிப்பாட்டக் கூடாது எண்டது, இதில ஒண்டும் அவனுக்குச் சொந்தமா வரேல்ல.

இதில உடம்பின்ர வேலையும் ஒண்டு இருக்கு. வயசுக்கு வாற காலத்தில வளர்ச்சி ஹோமோன் கூடச் சுரக்கிறதால இன்சுலின் சரியா வேலை செய்யாது, அதே அளவு போட்டாலும் சீனி ஏறும். மூளையில முன்யோசனை பாக்கிற முன்பகுதி இருபதுகளின்ர நடுவில தான் முழுசா முதிரும். கன நாட்டில மூண்டு மாசச் சீனி ஆகவும் மோசமா நிக்கிறது பதினாறு பதினேழு வயசுக்கு அங்கால இங்கால தான். அப்பிடிப் பாத்தா கிளினிக் மாத்துறதுக்கு இதை விடக் கெட்ட நேரம் தேடினாலும் கிடைக்காது, நாங்கள் தேடாமலே பிடிச்சு வச்சிருக்கிறம்.

வெளிநாட்டில எல்லாம் சரியா நடக்குது எண்டு நினைச்சிடாதேங்கோ. இங்கிலாந்தில ஒக்ஸ்போட் பக்கம் டைப் 1 பிள்ளையள் பெரியாக்களின்ர கிளினிக்குக்கு மாறினாப் பிறகு என்ன நடக்குது எண்டு பாத்து 2002 இல எழுதியிருக்கினம், மாறி ரெண்டு வருசத்தில ஒழுங்கா வாறாக்களின்ர தொகை நல்லா விழுந்திருக்கு. ஆனா அதில எனக்குப் பிடிச்ச விசயம் வேற. மாற முதலே புது டொக்டரை ஒருக்கா நேர கண்டு கதைச்ச பிள்ளையள் கூடுதலா நிண்டு பிடிச்சிருக்கினம். கடிதம் எழுதி அனுப்பினது மட்டும் காணாது. கனடாவில மனிற்ரோபா மாகாணத்தில அதே 2002 இல ஒரு திட்டம் தொடங்கினவை, 18 இல இருந்து 25 வயசு வரைக்கும் உள்ள டைப் 1 ஆக்களுக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர். அவற்ற வேலை போன் எடுக்கிறது தான்: எப்பிடி இருக்கிறீர், ஏன் கிளினிக் போகேல்ல, வேற நாள் போட்டுத் தரட்டோ. பெரிய மெசினும் வேண்டாம் கட்டிடமும் வேண்டாம். ஒரு போனும் ஒரு பேர் லிஸ்ற்றும் இருந்தாக் காணும் எண்டா முல்லைத்தீவிலயும் செய்யலாம் தானே.

சீனியைப் பற்றியே சொல்லிக்கொண்டு போறன், என்ர வகுப்பிலயே வேற வருத்தங்களும் இருக்கு. வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதான ஒரு பிள்ளை மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா பெனிசிலின் ஊசி போட வேணும். சரியா நோகும், இடுப்பில போட்டா ரெண்டு நாள் வாங்கில இருக்க ஏலாது. வால்வில பாதிப்பு இருந்தா அந்த ஊசி இருபது வயசைத் தாண்டியும் போகும். ஆனா பிள்ளையின்ர கணக்கில "பிள்ளையள் கிளினிக் முடிஞ்சுது, ஊசியும் முடிஞ்சுது". ஊசி விட்டா அடுத்த தொண்டை நோவோட வாதக் காய்ச்சல் திரும்ப வரலாம், ஒவ்வொரு முறை வரேக்கையும் வால்வு இன்னும் பழுதாகும். சின்னனில இதயத்தில ஓட்டை அடைச்ச பிள்ளையளும் இப்பிடித்தான், ஒப்பரேசன் முடிஞ்சுது, சுகம், இனி என்னத்துக்கு எண்டு.

வலிப்புக்கு மருந்தெடுக்கிற பொம்பிளைப் பிள்ளையளைப் பற்றித் தனியாச் சொல்ல வேணும், ஏனெண்டா இதைப் பற்றிக் கதைக்கவே ஆக்கள் கூச்சப்படுறவை. சோடியம் வல்ப்ரோயேற் எண்டு ஒரு மருந்து, வலிப்புக்கு நல்ல மருந்து, சின்னப் பிள்ளையளுக்குக் கனக்கக் குடுக்கிறது. ஆனா அதைக் குடிச்சுக்கொண்டு கர்ப்பமானா, பிறக்கிற பத்துப் பிள்ளையில ஒண்டுக்குப் பிறவிக் குறைபாடு வரலாம், பத்தில மூண்டு நாலு பிள்ளைக்குப் படிப்பு, பேச்சு, விளக்கம் எண்டு வளர்ச்சியில பிரச்சினை வரலாம். பிரித்தானியாவில 2018 இல இருந்து இதுக்குக் கடுமையான கட்டுப்பாடு. எட்டு வயசுப் பிள்ளைக்கு மருந்து எழுதேக்க இதை ஆரும் கதைக்கத் தேவையில்ல. பதினாறு வயசில கதைக்காட்டி எப்ப கதைக்கிறது? பிள்ளையள் கிளினிக்கில அது சின்னப் பிள்ளை எண்டு விடுவினம், பெரிய கிளினிக்கில பழைய மருந்தையே திருப்பி எழுதி விடுவினம், பேந்து கலியாணம் கட்டி மூண்டு மாசம் தள்ளிப் போனாப் பிறகு தான் குடும்பநல மிஸி கொப்பியைப் பாத்துத் திடுக்கிடுவா. (இதை வாசிச்சுட்டு ஆரும் மருந்தைத் தாங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ, திடீரெண்டு விட்டா வலிப்பு விடாம வந்து உயிருக்கே ஆபத்து. டொக்டரிட்டக் கேளுங்கோ, மாத்துறதெண்டா அவர் படிப்படியா மாத்துவார்.)

அம்மா பக்கத்தில இருக்கேக்க கதைக்க ஏலாத விசயங்கள் கனக்க. பொடியள் பதினேழு பதினெட்டில கோயில் திருவிழாவுக்கு, கலியாண வீட்டுக்குப் போனா பியர் குடிப்பாங்கள், அது எங்களுக்குத் தெரியும் அவங்களுக்கும் தெரியும். இன்சுலின் போடுற பொடியன் வெறும் வயித்தில குடிச்சா ஈரல் மதுவைக் கவனிக்கப் போயிடும், இரத்தத்துக்குச் சீனி விடாது, சாமத்தில சீனி விழுந்து மயங்கினா பக்கத்தில கிடக்கிறவன் வெறியில கிடக்கிறான் எண்டு போர்வையைப் போத்து விடுவான். இதைச் சொல்லிக் குடுக்க ஒரு டொக்டருக்கு அஞ்சு நிமிசம் காணும், ஆனா அந்த அஞ்சு நிமிசமும் தாய் தேப்பன் வெளிய இருக்க வேணும். பொம்பிளைப் பிள்ளையளுக்கு கந்தசஷ்டி விரதம், வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நேத்தி வச்சு நடந்து போறது, அரிவு வெட்டு நேரம் வயலுக்குச் சாப்பாடு கொண்டு போய் அங்கயே நிண்டு உதவுறது, இதெல்லாம் சீனியை இழுத்து விழுத்தும். விரதம் இருக்காத எண்டு சொன்னா அந்தப் பிள்ளை கிளினிக்கைத் தான் விடும். எப்பிடிக் குறைச்சுப் போடுறது, எப்ப விரதத்தை முறிக்க வேணும் எண்டு சொன்னாக் கேக்கும். பேந்து கலியாணப் பேச்சு. வருத்தத்தை மறைக்க வேணும் எண்டு தாய்மார் நினைக்கிறதில ஞாயம் இருக்கு எண்டு நான் சொல்லேல்ல, ஆனா ஏன் நினைக்கினம் எண்டு எனக்கு விளங்குது. ஊரில உள்ள கிளினிக்கில பிள்ளையைக் கண்டா கதை பரவும் எண்டு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போய்க் காட்டுற குடும்பம் எனக்குத் தெரியும், முல்லைத்தீவில இருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல, ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. எத்தினை மாசத்துக்கு இது ஓடும்?

அம்மாமார் பிள்ளையை விடுறாவையில்ல எண்டு டொக்டர்மார் சலிக்கிறதைக் கேட்டிருக்கிறன். எங்கட பக்கத்து அம்மாமார் ஏன் விடுறேல்ல எண்டு அவைக்குத் தெரிய வேணும். 2009 இல இடம் பெயந்து பெயந்து போகேக்க பிறப்புப் பத்திரம் போச்சு, கிளினிக் கொப்பி போச்சு, ஆஸ்பத்திரியே இடம் மாறிப் போச்சு. முகாமில டொக்டர் கேக்கேக்க எந்த மருந்து எத்தினை மில்லிகிறாம் எண்டு தாய்மார் சொன்னது மனப்பாடத்தில. இப்ப வாற பிள்ளையள் அதுக்குப் பிறகு பிறந்ததுகள், ஆனா தாய்மார் அதே தாய்மார். கன வீட்டில தேப்பன் இல்ல. கொப்பியைப் பிள்ளைட்டக் குடுங்கோ எண்டு சாதாரணமாச் சொல்லிடலாம், குடுக்கிறவளுக்கு அது அவ்வளவு லேசில்ல. அதால கொஞ்சம் கொஞ்சமா வாங்க வேணும், அதுக்கு வருசங்கள் வேணும், அப்ப 14 இல தொடங்கினாக் காணாது.

எப்ப தொடங்கிறது எண்டதுக்கு விடை இருக்கு. அமெரிக்காவில பிள்ளை வைத்தியர்களின்ர சங்கமும் குடும்ப வைத்தியர், பொது வைத்தியர் சங்கங்களும் சேந்து 2011 இல எழுதின வழிகாட்டியில 12 வயசில கதைக்கத் தொடங்கச் சொல்லுது. இங்கிலாந்தில வைத்திய வழிகாட்டி எழுதுற நைஸ் நிறுவனம் 2016 இல சொன்னது பிந்தினாலும் 13, 14 எண்டு, அதோட ஒவ்வொரு பிள்ளைக்கும் பேர் சொல்லி ஒரு பொறுப்பாளர் இருக்க வேணுமாம். அவை தொடங்கச் சொல்லுற வயசில நாங்கள் முடிச்சு அனுப்பிறம்.

எங்கட பள்ளிக்கூடங்களுக்கு எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோரால ஆண்டு 1, 4, 7, 10 பிள்ளையளைப் பரிசோதிக்க வாறவை. ஏழாம் ஆண்டு எண்டா 12 வயசு, பத்தாம் ஆண்டு எண்டா 15. கிளினிக் மாறுறதுக்கு இந்தப் பக்கம் ஒண்டு அந்தப் பக்கம் ஒண்டு, ஆரோ இதுக்கெண்டே போட்ட மாதிரி. ஏழில "கிளினிக் போறனியோ, மருந்தின்ர பேர் தெரியுமோ" எண்டும், பத்தில "இப்ப எந்தக் கிளினிக், கடைசியா எப்ப போனனி" எண்டும் கேட்டு எழுதினா, விட்டுட்டுத் திரியிற பிள்ளை ஆர் எண்டு அண்டைக்கே தெரிஞ்சிடும். புதுசா ஒரு சதம் செலவில்ல.

நான் என்ர வகுப்புப் பிள்ளையளோட செய்யிறது சின்ன வேலை தான். முதல், கொப்பியைச் சொப்பிங் பாக்கோட பிள்ளை தான் தூக்க வேணும், தாய் இல்ல. டொக்டர் கேள்வி கேட்டா தாய் பத்து எண்ணும் வரைக்கும் வாய் திறக்கக் கூடாது எண்டு ஒரு அம்மாட்டச் சொன்னன், அவ மூண்டோட திறந்திட்டா, பரவாயில்ல. கொப்பியில இருக்கிறது எல்லாம் இங்கிலிசு, அதுவும் டொக்டர் எழுத்து. அங்கால டொக்டர் சிங்களம் கதைக்கிறவர் எண்டா மிஸி மொழிபெயர்க்க வேணும், மிஸி பிசி எண்டா ஒண்டும் இல்ல. அதால பிள்ளை தன்ர வருத்தத்தின்ர பேரையும் மருந்தின்ர பேரையும் இங்கிலிசில எழுத்துக் கூட்டி எழுதப் பழகுது, ஸ்பெல்லிங் ரெஸ்ற் மாதிரி வைக்கிறன். பேந்து ஒரு பக்கத் துண்டு ஒண்டு: என்ன வருத்தம், எந்த வருசம் பிடிச்சது, இப்ப என்ன மருந்து எத்தினை நேரம், எந்த மருந்து ஒத்து வரேல்ல, கடைசியா வார்ட்டில நிண்டது எப்ப, சீனி விழுந்தா அல்லது வலிப்பு வந்தா என்ன செய்ய வேணும், ஆரைக் கூப்பிட வேணும், 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பர் உட்பட. பிள்ளையளின்ர டொக்டர் பாத்துச் சரி எண்டு கையெழுத்து வச்சா, அதைப் போட்டோ எடுத்துப் போனிலயும் வைக்கிறது. வெள்ளம் வந்தாலும் கொழும்புக்கு வேலைக்குப் போனாலும் அது கூட வரும்.

தம்பிக்கு இப்ப இருபது தாண்டிட்டுது, வயரிங் வேலை செய்யிறான், ஒழுங்காப் போறான் வாறான், 2022 இல பெற்றோல் இல்லாத நேரம் கூட சைக்கிளில போய் ஊசி எடுத்தவன். இதை எழுதி முடிச்சு அவனுக்கு வாசிச்சுக் காட்டினன். எல்லாம் சரி, மூளை வளர்ச்சி எல்லாம் எழுதியிருக்கிறாய், விடிய அஞ்சு மணிக்குப் போய் நம்பர் எடுக்க நிக்கிறதை எழுதேல்ல எண்டான். மேசன், வயரிங், கார்மென்ற்ஸ் எண்டு நாள் கூலிக்கும் சிப்ற்றுக்கும் போற பொடி பெட்டையள் அந்த ஒரு காரணத்தால தான் விடுறாங்களாம், நம்பர் எடுத்து, இரத்தம் குடுத்து, டொக்டரைக் கண்டு, மருந்து வரிசையில நிண்டு வெளிய வர ரெண்டு மணியாகும், அண்டைக்குச் சம்பளம் இல்ல. மாசத்தில ஒரு நாள், இருபத்தஞ்சு வயசுக்குக் கீழ உள்ள ஆக்களுக்கு மட்டும் கிளினிக்கின்ர கடைசி ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கி நேரம் எழுதிக் குடுத்தா அரை நாள் வேலைக்குப் போட்டு வரலாம் எண்டான். அந்த டொக்டரிட்டக் கேட்டுப் பாத்தியோ எண்டன். போன கிளினிக்கில கேட்டவனாம். எத்தினை பேர் வருவீங்கள் எண்டு லிஸ்ற் கொண்டு வாரும் எண்டிருக்கிறார், இப்ப பேர் சேத்துக்கொண்டு திரியிறான்.